வெளுத்ததெல்லாம்

வெளுத்ததெல்லாம் பாலென்று நம்புகிறவர்கள் உண்டு.
என் கேமரா அந்த ரகமில்லை.
வெளுத்த எதையும் அது நம்பாது.
இத்தனை வெளிச்சம் இருக்க முடியாதென்று
கண்ணைச் சுருக்கிக்கொள்ளும்.
பனிவெளி முழுதும்
அடுப்பிலிருந்து வாரிக் கொட்டிய சாம்பலாகும்,
அதன்மேல் சறுக்கி வருகிறவர்கள்
முகமில்லாமல் வருவார்கள்.

ஹான்யா மேட்டில் இன்று மைனஸ் பதினேழு.
மாற்று பேட்டரி என் அக்குளில் உறங்குகிறது.
மூச்சு பட்டுக் கண்ணாடி மூடிக்கொள்ளாதிருக்க
பக்கவாட்டில் ஊதப் பழகியிருக்கிறேன்,
அப்பாவுக்குத் தெரியாமல் புகைப்பவளைப் போல.

பாதை முதலில் ஸ்ப்ரூஸ் காட்டுக்குள்ளிருந்து வரும்.
இருட்டைக் கண்டதும் கருவி பதறி
கதவையெல்லாம் திறந்துவிடும்.
அடுத்த வளைவில் வெட்டவெளி வயல்,
மறுபடி பதறி எல்லாவற்றையும் சாத்தும்.
நடுவே மூச்சிரைக்க வருகிற ஆளுக்கோ
காட்டோரத்திலும் வயலிலும்
அதே கன்னம்,
அதே வெயில்.

ஆகவே கருவியைக் கேட்பதை நிறுத்தினேன்.
சாம்பல்நிறக் கம்பளிக் கையுறையை வெயிலில் நீட்டி
அதை மட்டும் அளந்தேன்.
நொடியின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. எஃப் நான்கு.
ஒரு சோதனைப் படம்.
திரையின் மூலையில் ஹிஸ்டோகிராம்,
வலது சுவரை நோக்கிச் சரிந்த குன்று,
முட்டாமல்
ஒரு விரலிடை விட்டு நின்றது.
அந்த விரலிடையில்தான்
பனியின் சொரசொரப்பு, தடத்தின் விளிம்பு,
கோல் குத்திய குழி
எல்லாம் குடியிருக்கின்றன.
முட்டிவிட்டால் வெறுங்காகிதம்.

எண்களைப் பூட்டினேன்.
கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

பதினொன்று நாற்பதுக்கு ஒரு மேகம்.
நான் பார்க்கவில்லை.
காட்டின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
இங்மர் கிவிசில்ட் முதலாவதாக வந்தான்,
இரு கைகளையும் தூக்கி, வாய் திறந்து,
யாரும் கேட்டுக்கூடப் பெறமுடியாத ஒரு முகத்தோடு.
இருபத்திரண்டு படங்கள்.
இருபத்திரண்டும்
மதியத்தை விட்டு அந்திக்குப் போய் எடுத்தாற்போல.

நம்ப மறுக்கும் கருவியை ஏளனம் செய்தவள்
ஒருமுறை நம்பியதை
மறுமுறை பார்க்க மறந்துபோனேன்.

"ஏற்றிக்கொள்ளலாம்" என்றார் ஆசிரியர் தொலைபேசியில்.
ஏற்றினார்கள்.
வெற்றியின் தாடையிலிருந்து மணல் உதிர்ந்தது.
மூன்றாம் பக்கம், இரண்டு பத்தி அகலம்.

வைகே லெபசார் வரும்போது
பதாகையைச் சுருட்டத் தொடங்கியிருந்தார்கள்.
அவளுக்குப் பின்னால் யாருமில்லை,
ஸ்கூட்டரில் வந்த தடத்துக் காவலரைத் தவிர.
கையுறையை மறுபடி நீட்டினேன்.
ஐநூறில் ஒரு பங்கு.
அவள் வேகத்துக்கு அது தாராளம்.
புருவத்தில் உறைபனி, மேலுதட்டில் உறைந்த மூக்குநீர்,
எங்கோ விழுந்தெழுந்த இடது முழங்கால்.

"நேரம் என்ன?" என்று தூரத்திலிருந்தே கத்தினாள்.
கடிகாரத்தைக் கழற்றி வண்டியில் ஏற்றியாகிவிட்டது.
விறைத்த உதட்டில் எனக்கு வந்தது ஒன்றுதான்:
"ஐநூறில் ஒன்று!"

நின்றாள்.
கோலில் சாய்ந்து யோசித்தாள்.
பிறகு பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

பற்கள் பனியைவிட மஞ்சள்.
படத்தில் அதுவும் சரியாக விழுந்திருக்கிறது.