தாழ்மையுடன்

மகஜரின் முதல் வரியிலேயே
அஃப்ரா பேனையை வைத்தாள்.
‘தாழ்மையுடன்’ வெட்டுப்பட்டது.

அக்கரைப்பற்றில் ஒரு வாடகை மண்டபம்.
மின்விசிறி இரண்டில் ஒன்று சுற்றாது.
பதினொரு பெண்கள், ஒரு கேத்தல் பிளேன்டீ.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
தொண்ணூற்றாறில் அந்தச் சொல்லை எழுதியவள் நான்.
றோணியோ மை உள்ளங்கையில் ஒட்ட
நூற்றியிருபது பிரதி.
தம்பிலுவிலுக்குப் புவனலோஜினி
சைக்கிளில் கொண்டுபோவாள்.
சென்றியில் மறித்து வாசிக்கச் சொன்னால்
முதலில் வருவது அந்தச் சொல்தான்.
பெரும்பாலும் அதோடு விட்டுவிடுவார்கள்.
ஒருநாள் விடவில்லை.
அதைப் பற்றி அவளும் பேசுவதில்லை.
இப்போது நுண்கடன்காரருக்கு எதிராக
முழங்கால் வலியோடு வெயிலில் நிற்கிறாள்.

அன்று நாங்கள் கேட்டது
காழிக்கு முன்னால் உட்கார ஒரு கதிரை.
கிடைத்தது.
ஒரு கால் கட்டை.

“ராத்தா, உங்கட காவினில ஆர்ட கையெழுத்து?”
“வாப்பாட.”
“வீட்டு உறுதி?”
“என்ட பேரில.”
“அப்ப வீட்டுக்கு நீங்க வேணும்,
கலியாணத்துக்கு வேணாமா?”

யாரோ சிரித்தார்கள். நானும்தான்.
முப்பது வருசம் அந்த வீட்டைக் கூட்டிப் பெருக்கியும்
இந்தக் கேள்வி என் விளக்குமாற்றில்
ஒருநாளும் அகப்படவில்லை.

பேனையைக் கேட்டு வாங்கினேன்.
ஏழாவது கோரிக்கை:
‘மணமகளின் சம்மதம் கேட்கப்படல் வேண்டும்.’
கடைசி இரண்டு சொல்லையும் அடித்து
‘மணமகளே ஒப்பமிடுவாள்’ என்றாக்கினேன்.
இலக்கணம் கொஞ்சம் இடித்தது.
இடிக்கட்டும்.

பிறகு அடியில் ஒப்பமிடக் குனிந்தேன்.
பழக்கத்தில் கை
‘திருமதி ஜெமீல்’ என்று தொடங்கிவிட்டது.

அஃப்ரா பார்க்கவில்லை,
யாருக்கோ தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

நானே வெட்டினேன்.