வரும்போது எதிர்க்காற்று

அல்மாட்டியிலிருந்து சியோலுக்கு
நாலாயிரத்து இருநூறு கிலோமீட்டர், கொஞ்சம் முன்னே பின்னே.
டிக்கெட் விற்ற பெண் சொன்னாள்:
போக ஐந்தரை மணி, வர ஆறரை.
ஒரே தூரம்தானே என்றேன்.
தூரம் ஒன்றுதான், காற்று அவர்கள் பக்கம் வீசுகிறது என்றாள்,
நகச்சாயம் காய விரல்களை விரித்து வைத்துக்கொண்டு.

எனக்கு இது தெரியாத கணக்கல்ல.
பதினோரு வருடமாக டிராலிபஸ் ஓட்டுகிறேன்.
மலையைப் பார்த்து ஏறினால் நாற்பத்தேழு நிமிடம்,
இறங்கினால் முப்பத்தொன்பது.
அந்த எட்டு நிமிடம் எங்கே போனது என்று
எந்தப் பயணியும் என்னிடம் கேட்டதில்லை.

தொலேகென் அன்சானில் இருக்கிறான்.
கார்க் கதவின் கைப்பிடிகளுக்கு முலாம் பூசுகிற வேலை.
எனக்கு இரவு எட்டென்றால் அவனுக்குப் பதினொன்று.
அப்படியே இரண்டு வருடம் பேசினோம்:
வாடகை, கொதிகலன் ரிப்பேர், சஞ்சாரின் முன்பல்,
சொல்ல ஒன்றும் இல்லாத நாட்களில்
வெறும் மூச்சு.

பிறகு ஒரு மார்ச் முதல் தேதி,
நாடு முழுக்க ஒரே நேரம் என்று சொல்லி
எங்கள் ஊர்க் கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்கு இழுத்தார்கள்.
ஒருவரும் இடம் மாறவில்லை.
அவன் மட்டும் ஒரு மணி தள்ளிப் போனான்.
என் எட்டு இப்போது அவனுக்கு நள்ளிரவு.
போனை ஜன்னலில் சாய்த்து வைத்து
அவன் தூக்கத்தில் ‘ம்’ கொட்டுவதைக் கேட்டபடி
பாத்திரம் கழுவினேன்.

சஞ்சார் தன் ஷூ கயிற்றை உருவி
சுவர் வரைபடத்தில் வைத்துப் பார்த்தான்.
“ஒரு கயிறுகூட இல்லைம்மா,
முடிச்சுப் போட மிச்சம் இருக்கு.”

டிசம்பரில் வந்தான்.
அங்கே மாலை ஆறுக்குப் புறப்பட்டு
இங்கே இரவு எட்டரைக்கு இறங்கினான்.
ஆறரை மணி பறந்தவனுக்குக்
கடிகாரத்தில் இரண்டரைதான் ஓடியிருந்தது.
மிச்ச நாலு? கடன்தான்.
திரும்பிப் போகிற இரவு ஒன்பதரையாகக் கட்டவேண்டும்.
பலகையில் ‘தரையிறங்கியது’ என்று வந்த பின்னும்
பெட்டி வரவில்லையென ஐம்பது நிமிடம் நின்றோம்.
அதை யாரும் பயண நேரத்தில் சேர்ப்பதில்லை.

முதல் இரவு அதிகம் பேச்சில்லை.
குரலோடு பழகியவர்களுக்கு
முகம் இடைஞ்சலாக இருந்தது.

காலை ஷிப்டுக்கு நான் மூன்றரைக்கு எழவேண்டும்.
விளக்குப் போடாமல், பலகை கிறீச்சிடும் இடத்தைத் தாண்டி,
சமையலறைக்குப் போனால்
அவன் உட்கார்ந்திருக்கிறான்,
ஒரு காலில் சாக்ஸ், இன்னொன்று கையில்.
“ஏழரை ஆயிடுச்சுன்னு எழுந்துட்டேன், ராய்கான்.
எட்டுக்கு அங்கே சங்கு ஊதிடுவாங்க.”
பாதி போடும்போதுதான்
ஜன்னலுக்கு வெளியே எங்கள் மலை தெரிந்ததாம்.

விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன்.
பழைய நேரமாக இருந்திருந்தால்
அவன் கண் விழிப்பது நாலரைக்கு.
நான் நாலேகாலுக்கே படியிறங்கியிருப்பேன்.

பால் விட்ட தேநீர், இரண்டு கிண்ணம்.
எங்களிடத்தில் கிண்ணத்தை நிரப்பிக் கொடுத்தால்
கிளம்பு என்று அர்த்தம்.
பாதி ஊற்றினேன்.
குடித்துவிட்டு நீட்டினான்.
மறுபடி பாதி.
இன்னொரு சாக்ஸை
அவன் போடவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.