புள்ளி இல்லாமல்

மேசையில் மூன்று படங்கள்.
பைசல் அச்செடுத்து வந்தவை, மை சற்றே ஒழுகி.
நாயுடுபுரத்து வாடகை அறை.
புரட்டாசியின் கடைசி வாரம்.
சன்னலுக்கு வெளியே பனிமூட்டம்
எதிர்வீட்டு யூகலிப்டஸ் வரை வந்து
நின்றுவிட்டது.

ஒன்றில் ஒரே ஒரு பொத்தான்.
அழுத்தினால் கத்தும், அவ்வளவுதான்.
யார், ஏன், எத்தனை பேர், மூச்சிருக்கிறதா,
எதுவும் சொல்லத் தெரியாது.
"பச்சைக் குழந்தை" என்றான் இருதயராஜ்.
இன்னொன்று செங்கல். பேசலாம்.
விலையைக் கேட்டபின்
நமக்குத்தான் பேச்சு வராது.
நடுவில் கிடப்பது உள்ளங்கை அளவு,
நூறு கிராம்,
எழுதி அனுப்பினால் செயற்கைக்கோள் வாங்கிக்கொள்ளும்,
பதிலும் இறங்கி வரும்.

நூறு கிராமுக்கா யோசிக்கிறோம்?
போன ஐப்பசியில்
ஊறுகாய்ப் பொட்டலத்தைச் சுமையென்று
அறையிலேயே விட்டுப் போனவர்கள் நாங்கள்.

வெள்ளகவிக்குக் கீழே அன்று
சகாயராணியின் கணுக்கால்
சுள்ளி ஒடிவதுபோல் ஒரு சத்தம் கொடுத்தது.
ஒரு கோடு சிக்னலுக்காக
இருதயராஜ் மேட்டில் ஏறினான், இறங்கினான், ஏறினான்.
கீழே பெரியகுளம்
தட்டில் கொட்டிய பொரியாக ஒளிர்ந்தது.
அத்தனை விளக்கில் ஒன்றுக்கும்
நாங்கள் இருப்பது தெரியாது.
பதினொரு மணி நேரம்.
அவள் அழவில்லை.
காலில் ஏறிய அட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.
நாற்பத்து மூன்று.

கோவைக் கடைக்காரர் போனில் குரலைத் தாழ்த்தினார்:
உரிமம் இல்லாம கையில வச்சிருந்தா
காட்டுல தொலையறதுக்கு முன்னாடி
ஸ்டேஷன்ல தொலைவீங்க மேடம்.
ஆகவே விண்ணப்பம்.
"நோக்கம்" என்ற கட்டத்தில்
உயிரோடு திரும்புவது என்று எழுதி,
அடித்துவிட்டு,
சோலை நாற்றுக் கணக்கெடுப்பு என்று எழுதினேன்.

படத்தின் அடியில் பொடி எழுத்து:
திறந்த வானம் தேவை.
சோலைக்குள் ஏது வானம்?
இலைக்கும் இலைக்கும் நடுவே
கொஞ்சம் கிழிசல் உண்டு.
வானம் பார்த்த பூமி தெரியும்,
இது வானம் பார்த்த கருவி.
கால் ஒடிந்தவள் இதை ஏந்திக்கொண்டு
வெட்டவெளிக்கு நடக்க வேண்டும் போல.

இருந்தும் நடுப்படத்தைத்தான் எடுத்தோம்.
அவசரச் செய்தியை இப்போதே எழுதிப் பழகச் சொன்னான் பைசல்.
ஆங்கிலமென்றால் நூற்று அறுபது எழுத்து,
தமிழென்றால் எழுபதுதானாம்.
அதிலும் கொம்புக்குத் தனிக் கணக்கு,
புள்ளிக்குத் தனி,
துணைக்காலுக்குத் தனி.
"கால்" என்று இரண்டெழுத்து எழுதினால்
நான்கைப் பிடித்துக்கொள்கிறது.

ஓலை கிழியுமென்று
ஏட்டில் புள்ளி வைக்காமல் எழுதினார்களே,
அந்தக் கையைக் கடன் வாங்கினேன்.
கால முறிநதது மூஙகில ஓடை வா
சகாயராணியிடம் நீட்டினேன்.
தடங்காமல் படித்தாள்.
பிறகு மறுபடி படித்து,
"காலமா முறிஞ்சுது?" என்று கேட்டுவிட்டு
அடுப்பை அணைக்க எழுந்தாள்,
கம்பை ஊன்றி.

கடைசிக் கட்டம்:
அவசரத்தில் யாருக்குத் தெரிவிக்க?
இருதயராஜின் மனைவிக்கு இரத்த அழுத்தம்.
பைசலின் வாப்பா
மகன் திண்டுக்கல் குடோனில் கணக்கெழுதுவதாக நம்புகிறார்.
நான் பேனாவை மூடித் திறந்து மூடினேன்.
அடுப்பங்கரையிலிருந்து குரல்:
"எம் பேரப் போடு.
கணுக்கால்ல ஏழு ஸ்க்ரூ.
நா எங்க போகப் போறேன்?"

உரிமம் இன்னும் வரவில்லை.
கார்த்திகையில் இறங்கினோம்,
ஆளுக்கொரு விசில்,
வட்டக்கானல் டீக்கடையில்
திரும்பும் நேரம் எழுதிய துண்டுச்சீட்டு.

மூன்று இரவும் சகாயராணி
கைப்பேசியைச் சார்ஜில் போட்டு
பக்கத்திலேயே விழித்திருந்தாளாம்.
எங்களிடமிருந்து எதுவும் வர வழியில்லை என்பது
அவளுக்கும் தெரியும்.