போன மாதக் காசுக்கு ஒரு கதிரை

உப்புவெளி விடுதி முகாமையாளர்
முப்பத்தாறு படுக்கை விரிப்புக்கும்
பதினொரு மேசைத் துணிக்கும் தரவேண்டியதை
இந்த மாதமும் தரவில்லை.
"ஞாயிற்றுக்கிழமை எங்கட மண்டபத்தில
பணக்கார மனநிலை பற்றி ஒரு கருத்தரங்கு.
டிக்கெட் நாலாயிரத்து ஐந்நூறு, பகல் சாப்பாடும் இருக்கு.
அதில கழிச்சுக்கொள்ளுங்கோ அக்கா."

கழித்துக்கொண்டேன்.
எனக்குக் கழிக்கத் தெரியும்,
கூட்டிப் பார்க்கத்தான் பயம்.

மண்டபத்துக்குள் குளிர்.
நெஞ்சில் ஒட்டிய தாளில் தவநிதி.
கொழும்பிலிருந்து வந்த பிரணவன் சேர்
குனிந்து வாசித்துவிட்டுக் குதித்தார்:
"பார்த்தீங்களா, பெயரிலேயே நிதி!"
எல்லோரும் கைதட்டினார்கள்.
நான் பிறந்த அன்று
அப்பாவுக்கு யாரோ தரவேண்டிய இருநூறு ரூபாய்
திரும்பி வந்ததாம்.
அதை நான் சொல்லவில்லை.

மேசையில் விரித்திருந்தது நான் தோய்த்த துணி.
ஓரத்தில் அந்த மஞ்சள் கறை,
மூன்று தரம் ஊறவைத்தும் போகாதது.
கைப்பையைத் தூக்கி அதன்மேல் வைத்தேன்.

"பணம் உங்களை விட்டு ஓடவில்லை,
நீங்கள்தான் பணத்தைக் கண்டு ஒளிக்கிறீர்கள்."

ஒளித்திருக்கிறேன்.
செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு
மோட்டார் சைக்கிள் ஒழுங்கைக்குள் திரும்பும்போது
காயப்போட்ட விரிப்புகளுக்குப் பின்னால்,
மூச்சை அடக்கி,
கால் மட்டும் வெளியில் தெரிய.
அது பணத்தைக் கண்டு அல்ல,
றிம்சானைக் கண்டு.

றிம்சான் என் பக்கத்துக் கதிரையில் இருந்தான்.

கம்பனியின் நீலச் சட்டை இல்லாததால்
முதலில் மட்டுக்கட்டவில்லை.
காலடியில் தலைக்கவசம், இடப்பக்கம் கீறல்.
அதைத்தான் எனக்குத் தெரிந்தது.
"ஒபிஸால அனுப்பினவங்க" என்றான்,
நான் எதுவும் கேட்காமலே.
"டிக்கெட் காசு சம்பளத்தில வெட்டுவாங்க."

"உங்கள் மனசு இந்தத் துறைமுகம் மாதிரி,
எவ்வளவு ஆழம்!
எந்தப் பெரிய கப்பலும் வரலாம்!"
துறைமுகத்தில் வேலை செய்கிற ஒருத்தர்
பின்வரிசையிலிருந்து "வரலாம்" என்று
திருப்பிச் சொன்னார்.
அவ்வளவுதான்.

பிறகு பயிற்சி.
பக்கத்தில் இருப்பவரின் கண்ணைப் பார்த்து
ஒரு வசனம் சொல்லவேண்டும்.
கிண்ணியாவிலிருந்து பாலம் கடந்து
எனக்காகவே வந்தவன்போல
றிம்சான் என் பக்கம் திரும்பினான்.
"நீங்கள் செல்வத்துக்கு உரியவர்."
"இந்தக் கிழமையாவது தாங்க அக்கா" என்கிற
அதே குரல்.

என் முறை வந்தது.
கண்ணைப் பார்க்க ஏலவில்லை.
பழக்கதோஷத்தில் கொலருக்குப் போய்விட்டது பார்வை:
தேய்ந்ததைப் பிரித்து,
உட்பக்கம் வெளியாகத் திருப்பித் தைத்த கொலர்.
நன்றாகத்தான் தைத்திருந்தார்கள்.
"நீங்கள் செல்வத்துக்கு உரியவர்" என்று
அந்தத் தையலுக்குச் சொன்னேன்.

சாப்பாட்டில் கோழிக்கால் பெரிது.
அதைக் குறைசொல்ல மாட்டேன்.

பின்னேரம் பஸ் நிலையத்தில்
'செல்வத்துக்கு ஏழு படிகள்' என்ற தாளை
கையிலிருந்து ஒரு மான் இழுத்தது.
ஊர் மான்களுக்கு வெட்கமில்லை.
நாலாம் படிவரை தின்றது,
மிச்சத்தை நிலத்தில் போட்டது,
அடுத்த ஆளிடம் போனது.

செவ்வாய். பத்து மணி. சத்தம்.
கதவடியில் நிற்கவேண்டும் என்றுதான் இருந்தேன்.
கால் தன்பாட்டில் விரிப்புகளுக்குப் பின்னால் போனது.
அவன் படலையடியில் இறங்கி நின்றான்.
கூப்பிடவில்லை, ஹோர்ன் அடிக்கவில்லை.
கடல்காற்று ஒருதரம்
விரிப்பை முழங்கால்வரை தூக்கி இறக்கியது.
"தவநிதி அக்கா வீட்டில இல்ல" என்று
கொப்பியில் எழுதியதை
உரத்து வாசித்தான்,
சொல்லுச் சொல்லாக,
எனக்குக் கேட்கும்படி.

மோட்டார் சைக்கிள் ஒழுங்கை தாண்டும்வரை
ஈரத்துணியில் முகம் வைத்து நின்றேன்.
அடுத்த செவ்வாய்க்கு
இரண்டு தவணை.