மேலே மூன்று வரி

பொகவந்தலாவையில் கரண்ட் போய்ப் போய் வந்த இரவு
தராசுப் பைல் வெறுமையாய் வந்து சேர்ந்தது.
என் ஸ்கிரிப்ட் அதை என்ன ஏது என்று கேட்கவில்லை.
திறந்தது, கூட்டியது, பெருக்கியது,
நூற்று நாற்பத்து மூன்று பேருக்கும்
பூஜ்யம் ரூபாய் என்று
வலப்பக்கம் நேராக அடுக்கி
அச்சடித்தும் தந்தது.
ஒரு பிழைச்செய்தி இல்லை.
அதுதான் வயிற்றைக் கலக்கியது.

காலையில் சீட்டைப் பிடித்தபடி
பங்கஜவல்லி ஒபிஸ் ஜன்னலில் நின்றாள்.
"இருபத்தொரு கிலோ தங்கச்சி.
கொழுந்துக் கறை கூட இன்னும் போகல்ல."
விரல்களை விரித்துக் காட்டினாள்.
கம்பியூட்டர்தான் அக்கா, என்றேன்.
"அதுக்குச் சொல்லிக் குடுத்தது யாரு?"

மத்தியானச் சோற்றைத் திறக்காமல்
எல்லாவற்றுக்கும் மேலே மூன்று வரி எழுதினேன்.

பைல் இல்லையென்றால், நில்.
பைலுக்குள் ஒன்றும் இல்லையென்றால், நில்.
திகதி இன்றையது இல்லையென்றால், நில்.

அதற்குக் கீழேதான் கூட்டல்.
முன்பு என் "இருந்தால்"கள்
ஒன்றுக்குள் ஒன்றாய் உள்ளே சரிந்து
திரையின் ஓரத்தில் மூச்சுமுட்டிக் கிடக்கும்.
இப்போது வரிகள்
கவாத்து வெட்டிய நிரை மாதிரி
இடப்பக்கமே நிற்கின்றன.

நிபந்தனை எனக்குப் புதிதில்லை.
பதினெட்டுக்குக் குறைந்தால் அரைப்பேர்:
அ எழுத முன்பே தெரியும்.
பிரட்டுக்குப் பிந்தினால் திருப்பி அனுப்புவார்கள்,
யாரும் காரணம் சொல்வதில்லை.
அம்மா ஒருநாள் அப்படி
ஏழரைக்கே லயத்துக்கு வந்து
இடுப்புப் படங்கை அவிழ்க்காமல் நின்றாள்
வெகுநேரம்.

ஆகையால்
நிற்கிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு வசனம் வைத்தேன்.
"தராசுப் பைல் சரியில்லை.
சம்பளம் போடப்படவில்லை.
டர்ஷிகாவைக் கூப்பிடவும்."
சொல்லிவிட்டுத்தான் நிற்கும்.
கூடவே ஒன்று என்ற இலக்கத்தையும் விட்டுப்போகும்.
பூஜ்யம் விட்டுப்போனால்
எல்லாம் நலம் என்று அர்த்தமாம் மெஷின் பாஷையில்.
இதைப் பங்கஜவல்லியிடம் நான் சொல்லவில்லை.

வெள்ளி இரவு மறுபடி கரண்ட் போனது.
விடிந்து பார்த்தால்
அச்சு மெஷினில் ஒரே ஒரு தாள்.
நூற்று நாற்பத்து மூன்று பெயரில்
ஒன்றுகூட அதில் இல்லை.
என் பெயர் மட்டும் இருந்தது.

கைக்கணக்குக் கொப்பியை எடுத்துக்கொண்டு
ஈரப் புல்லில்
அட்டைக்குக் காலைக் கொடுத்தபடி
தராசுக் கொட்டிலுக்கு இறங்கினேன்.