ஒத்திகை மீன்

ராணிப்பேட்டைப் பாலத்துக்குக் கீழே
நான்காம் தூண் பக்கம்
ஞாயிறுதோறும் காலை ஆறு மணிக்கு
நான் மீன்.

எழுபத்தெட்டு கிலோ.
இடுப்பில் பழைய லாரி சீட் பெல்ட்,
பெல்ட்டில் முடிச்சு,
முடிச்சிலிருந்து கிளம்பும் நரம்பு
நூற்றிருபது அடி தள்ளி
கஜபதியின் கோலில் போய் முடியும்.

"ஓடுறா" என்பான்.
பாலாற்று மணலில் ஓடுவேன்.
ரீல் கிறீச்சிடும்.
இம்தாத் மொபைலில் நேரம் பார்ப்பான்.
ஸ்டீபன், கஜபதியின் இடுப்பைப் பின்னாலிருந்து
கட்டிப் பிடித்துக்கொள்வான்;
எப்ரோ ஆற்றில் அப்படித்தானாம்,
இல்லாவிட்டால் ஆளையே இழுத்துப் போய்விடுமாம்.

கருவேலத்தைச் சுற்றி வளைவேன்.
மணல் அள்ளிய பள்ளத்தில் இறங்கிப்
படுத்துக்கொள்வேன்.
"இன்னாடா மீனு நீ,
ரெண்டு நிமிசத்துல படுத்துட்ட?"
"பெரிய கெளுத்தி அடியிலதான்டா கெடக்கும்,
அந்தம்மாவே எழுதியிருக்குது."

அந்தம்மா ஹெல்கா.
ஸ்பெயினில் படகு வைத்திருக்கும் ஜெர்மன்காரி,
எங்கள் வழிகாட்டி.
அவள் அனுப்பிய ஒன்பது விதிகளை
ஸ்டீபன் ரத்தப் பரிசோதனைகளுக்கு நடுவே
ஆஸ்பத்திரி லேபில் உட்கார்ந்து தமிழாக்கினான்.
ஆறு: பிடித்ததைத் திருப்பி விட வேண்டும்.
விசாரத்துத் தோல் வியாபாரி இம்தாத்துக்கு
அது மட்டும் இறங்கவில்லை:
"அவ்ளோ துட்டு குடுத்துப் போயி
ஒரு துண்டுகூட வறுக்காம வர்றதா?"
ஏழு: தொடும்முன் கையை நனைத்துக்கொள்ளவும்.
உலர்ந்த கை மீனின் வழுவழுப்பை உரித்துவிடும்.

நாலு பேரும் விசா போட்டோம்.
மூன்று பாஸ்போர்ட் ஒட்டி வந்தது.
என்னுடையதில் ஒரு தாள்,
தாளில் ஒரு கட்டத்தில் டிக்:
விண்ணப்பதாரர் திரும்பிப் போவாரென்று
எங்களுக்கு நம்பிக்கையில்லை.

எங்கே போவேன்?
வாலாஜாவில் டயர் கடை,
கடைக்கு மேலே வீடு,
வீட்டில் பத்தாவது எழுதும் மகள்,
வங்கியில்
அவர்கள் கேட்டதைவிடக் கொஞ்சம் குறைவு.

அவர்கள் போன பிறகு
ஞாயிற்றுக்கிழமையும் கடை திறந்தேன்.
டிப்பர் சக்கரத்தைக் கழற்றிப் போட்டிருந்தபோது
வீடியோ வந்தது.

பழுப்பு ஆறு, கரையெல்லாம் நாணல்.
கஜபதி அலறுகிறான்,
ஸ்டீபன் அவன் இடுப்பை விடவேயில்லை.
நாற்பத்தியொரு நிமிடமாம்.
ஹெல்கா தண்ணீரில் இறங்கி
கையுறையோடு தாடையைப் பிடித்துத் திருப்புகிறாள்.
இரண்டு மீட்டர் பதினாலு.
கரும்பச்சை, மீசை,
அவ்வளவு உடம்புக்குச் சட்டைப் பொத்தான் அளவுக் கண்.
இம்தாத் அதன் வயிற்றில் கை வைத்து
"மாஷா அல்லாஹ்" என்கிறான்.
வறுவல் மறந்துவிட்டது போல.

விட்டார்கள்.
உடனே போகவில்லை அது,
அவர்கள் காலடியில் சற்று நின்றது.
திரும்பிப் போவாயா என்று
யாரும் கேட்கவில்லை.
வாலை ஒருமுறை அசைத்தது,
தண்ணீர் மூடிக்கொண்டது.

வீடியோவுக்குக் கீழே கஜபதியின் குரல்:
"முனி, உன்ன மாதிரியே
அடியில போய்ப் படுத்துக்கிச்சுடா."

எட்டு முறை பார்த்தேன்.
வண்டி இன்னைக்குக் கெடைக்குமா கெடைக்காதா
என்றார் டிப்பர்காரர்.

வந்தார்கள்.
ஒரு டப்பா ஆலிவ் எண்ணெய்,
ஹெல்கா கொடுத்தனுப்பிய அளவு நாடா.
என்னை மணலில் கிடத்தி அளந்தார்கள்.
ஒன்று அறுபத்தெட்டு.
"குட்டி. வுட்டுடு" என்றான் ஸ்டீபன்.

பேசிப் பேசி மணி பதினொன்று ஆகிவிட்டது.
கஜபதி கோலை என்னிடம் நீட்டினான்,
பெல்ட்டைத் தான் கட்டிக்கொண்டான்,
ஆற்காட்டுக் கரையைப் பார்த்து ஓடினான்.
தொண்ணூற்றாறு கிலோ.
தோள்மூட்டில் வந்து இறங்கியது எடை.
இந்தப் பக்கம் இப்படியா இருக்கும்?
யாரோ என் இடுப்பைப் பிடித்தார்கள்,
திரும்பிப் பார்க்கவில்லை.

தண்ணீர்க் குழாய்ப் பள்ளம் தாண்டி
தொப்பென்று குப்புற விழுந்தான்.
சுற்றிக்கொண்டே நடந்தேன்.
முடிச்சைத் தொடும்முன்
பாட்டிலைத் திறந்து
இரண்டு கையையும் நனைத்துக்கொண்டேன்.

"சீக்கிரம்டா" என்றது மீன்,
"மணலு சுடுது."