எட்டாவது மாடிக்கு இருபது தெத்ரி

எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் காசு கேட்கும்.
திபிலிசியின் இந்த ஓரத்தில் பல கட்டடங்களில் அப்படித்தான்.
உள்ளே ஒரு தகரப் பெட்டி, அதில் ஒரு கீறல்.
இருபது தெத்ரி போட்டால்
முனகிக்கொண்டே மேலே போகும்.
இறங்க இலவசம்.
'கீழே போவதற்கு எங்கேயும் யாரும் காசு வாங்குவதில்லை'
என்பான் மூன்றாம் மாடி பத்ரி,
தன் பேச்சுக்குத் தானே முதலில் சிரித்தபடி.

கீழே அஞ்சல் பெட்டிகளின் மேல்
விளிம்பு உடைந்த ஒரு காபித் தட்டு.
யாரோ அதில் சில்லறை போட்டுவைப்பார்கள்.
இல்லாதவர் எடுத்துக்கொள்ளலாம் என்று
எவரும் எழுதி ஒட்டவில்லை.
ஆனாலும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஒன்று சொல்லிவிடுகிறேன்.
ஆறு வருடத்தில் அந்தத் தட்டிலிருந்து
எடுத்திருக்கிறேன், போட்டதில்லை.
ஒரு பிப்ரவரியில், சம்பளம் தள்ளிப்போன வாரம்,
மொத்தத்தையும் வழித்தெடுத்து ரொட்டி வாங்கினேன்.
அடுப்புச் சுவரிலிருந்து அப்போதுதான் பிய்த்தது.
கோட்டுக்குள் வைத்துக்கொண்டு
எட்டு மாடியும் நடந்தே ஏறினேன்,
லிஃப்டுக்குக் காசில்லாமல்.
வயிற்றோரம் சூடு. முகத்திலும்.
மறுநாள் தட்டில் மீண்டும் நாலு காசு கிடந்தது.

போன அக்டோபரில் குடியிருப்போர் கூட்டம்.
குரந்தா ஒரு பட்டியலோடு வந்தாள்:
காசுப் பெட்டியில் கிடைத்தவை
சட்டைப் பொத்தான் பதினாறு,
துருக்கிக் காசு மூன்று, ஒரு பல்.
அட்டைக்கு மாறிவிடலாம் என்றாள்.
முதலில் கை தூக்கியது நான்.
புதிய பொருள்கள் எனக்குப் பிடிக்கும்.
பழைய தட்டைத் தினமும் கடப்பது
பிடிக்கவில்லை என்பதையும்
சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது அட்டையைக் காட்டினால் போதும்.
செல்பேசி சொல்லும்:
எட்டாம் மாடி, இரவு 11.42, மீதம் ஆறு லரி நாற்பது.

என் பிழைப்பும் ஏறக்குறைய அதுதான்.
வீட்டுக்கு உணவு அனுப்பும் நிறுவனத்துக்காக
வீட்டிலிருந்தே புகார்களுக்குப் பதில் எழுதுகிறேன்.
சூப் ஆறிவிட்டதா, வருந்துகிறோம்.
கரண்டி வரவில்லையா, மிகவும் வருந்துகிறோம்.
ஒரு நாளைக்கு நூற்றுப்பத்து வருத்தம்.
என் வருத்தத்துக்கும் நட்சத்திரம் போடுவார்கள்.

ஒரு ஞாயிறு, சோம்பலில், நானே சூப் வரவழைத்தேன்.
கதவைத் திறந்தால் ஒரு பையன்.
ஹெல்மெட்டுக்குள் மூச்சு கொதித்துக்கொண்டிருந்தது.
அட்டை இல்லாதவரை லிஃப்ட் ஏற்றாது,
எனக்கு அது தோன்றவே இல்லை.
'ஆறவில்லை, தொட்டுப் பாருங்கள்' என்றான்.
திரையில் பெயர் இருந்தது: மிந்தியா.
ஐந்து நட்சத்திரம் கொடுத்தேன்.
கொடுத்த விரல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

மறுநாள் இன்னொரு அட்டை வாங்கினேன்.
பத்து லரி ஏற்றி, ஓட்டை போட்டு, நூல் கட்டி
அந்தக் காபித் தட்டில் வைத்தேன்.
(தட்டை யாரும் தூக்கி எறியவில்லை.
ஒரு காய்ந்த ஈ, ஒரு ரப்பர் வளையம்.)
நூல் கட்டும்போது நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் பாருங்கள், அட்டை என் பெயரில்.
யார் ஏறினாலும் என் செல்பேசி மணியடிக்கிறது.
நாலாம் மாடி, 7.15. சரி.
நாலாம் மாடி, 7.52. மறுபடியுமா?
ஒன்பதாம் மாடி.
ஒன்பதில் எல்லோரிடமும் சொந்த அட்டை உண்டே.
சூப்பு ஆறியவர்கள் வரிசையில் காத்திருக்க,
என் தர்மத்துக்குக் காவல் உட்கார்ந்திருக்கிறேன்.

தட்டில் காசு போட்ட அந்த ஆள்,
அந்தப் பிப்ரவரி காலையில்,
துடைத்த தட்டைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்?
கோட்டுப் பையைத் துழாவியிருப்பார்.
நான் யோசித்த வரைக்கும்
அதற்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை.

அறிவிப்பை அணைத்துவைத்தேன்.
இரண்டு நாள் தாங்கியது.
இன்று பல் தேய்த்துக்கொண்டே
மறுபடி போட்டுவிட்டேன்.

ஒன்பதாம் மாடி, 8.03.
கம்பி முனகுவது
குளியலறைச் சுவர் வழியாகவும் கேட்கிறது.
யாரோ என்னைக் கடந்து
மேலே போகிறார்கள்.